நிற்காத கூட்டம்

தேருக்கு முந்தின நாள், ஆற்றுப்பாலத்தில் ஒரு சாவு விழுந்தது. அன்று சாயங்காலமே குணாளன் சிலேட்டும் கையுமாகத் தன் ஆசிரியை திலகவதியின் வீட்டுக்கு வந்தான். வாசற்படியில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனான்.

"அம்மா, என் சமன்பாட்டில் பிழை எங்கே?"

கூட்டத்தைக் கணக்கால் நடத்துவது அவன் வித்தை. ஆயிரம் பேருக்குப் பத்து ஆட்களை, ஜனங்களோடு ஜனங்களாகக் கலந்துவிடுவான். அவர்கள் திரும்பினால் கூட்டமே திரும்பும். அவர்களுக்கு ஒரே கட்டளைதான்: எது நடந்தாலும் நிற்காதே.

அன்று காலை பாலத்தில் ஒரு பெரியவர் தடுக்கி விழுந்தார். அவன் ஆட்கள் தாண்டிப் போனார்கள். அவர்களைப் பார்த்து ஊரே தாண்டிப் போனது.

திலகவதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

"பிழை இல்லை."

"நிஜமாகவா?"

"ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. எழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்கிறது."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாளைக்குத் தேருக்கும் இப்படியே நடத்தலாமா என்று திருவிழாக் கமிட்டியில் கேட்கிறார்கள். போன வருஷம் இதே பாலத்தில் நெரிசலில் பதினோரு பேர் போனார்கள். இந்த வருஷம் ஒருத்தர்தான் அம்மா!"

"பத்து உயிர் மிச்சம். யார் இல்லை என்றார்கள்?"

"அப்புறம் ஏன் எனக்குச் சோறு இறங்கவில்லை?"

"அந்தப் பெரியவர் இதில் எங்கே இருக்கிறார், காட்டு."

அவன் விரல் சிலேட்டின் மேல் அலைந்தது.

"தனி ஆளாக யாரும் இல்லை. ஒருத்தரை மொத்தக் கூட்டத்தால் வகுக்கிறோம். கூட்டம் பெருகப் பெருக அவர் சுழியாகிவிடுவார். நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதானே?"

"நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"படியில் ஒரு பெண் இருந்தாளே, பார்த்தாயா?"

"தாண்டித்தான் வந்தேன். யார் அது?"

"அந்தப் பெரியவரின் மகள். உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்று என்னைத் தேடி வந்தாள். இத்தனை பேர் போனார்களே, ஒருத்தர்கூட ஏன் நிற்கவில்லை என்று மத்தியானத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. சிலேட்டை எடுத்துக்கொண்டு போ. அந்தச் சுழி எப்படி வந்தது என்று அவளுக்கு விளக்கு. அவள் சரி என்றால் நாளைக்கும் நடத்து."

குணாளன் எழுந்திருக்கவில்லை. சிலேட்டு அவன் மடியிலேயே கிடந்தது.