முடியாத பத்தியம்

ஒரு காட்டில், குழந்தைகளே, ஆழமான ஓடை ஒன்று குறுக்கே ஓடியது. ஓடையின் மேல் ஒரு வேங்கை மரம் எப்போதோ விழுந்து பாலமாகக் கிடந்தது. மழைக்காலம் வந்தால் இக்கரை முழுவதும் வெள்ளத்தில் மூழ்கிவிடும். அதனால் இடி முழங்கியதும் மான், பன்றி, குரங்கு, கீரி எல்லாம் வரிசையாக அந்த மரத்தில் நடந்து மேட்டுக் கரைக்குப் போய்விடும். வேறு வழி கிடையாது.

இக்கரையில் தேனரசு என்றொரு கரடி இருந்தது. நல்ல கரடிதான், நாக்குதான் அதன் பேச்சைக் கேட்காது. காட்டோரத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்று வந்ததிலிருந்து அதற்குப் போதாத காலம். கொப்பரையில் ஒட்டியிருக்கும் பாகை நக்க நக்க, கரடி ஊதிப் பெருத்துப் பாறை மாதிரி ஆகிவிட்டது.

கோடையில் ஒரு நாள் அது பாலத்தில் கால் வைத்தது. "கிர்ர்ரீச்" என்றது மரம்.

எல்லா விலங்குகளும் பதறி ஓடி வந்தன. குரங்குக் கூட்டத்தின் தலைவியான மந்தி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது.

"தேனரசு, முதலில் இறங்கு. உன்னால் மரம் முறிந்தால் நாங்கள் அத்தனை பேரும் இக்கரையிலேயே செத்தோம். மழைக்குள் இளைத்துக் காட்டு. இல்லாவிட்டால் இந்த மரத்தில் நீ ஏறவே கூடாது."

கரடி யோசித்தது. ஏறாவிட்டால் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடுமே. வைத்தியம் பார்க்கும் நரியைத் தேடி ஓடியது.

வழியில் அழுங்கு எதிரே வந்தது. அழுங்கு என்றால் உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புதின்னி.

"அழுங்கக்கா, நான் இளைக்க வேண்டும். நீ எப்படி இவ்வளவு ஒல்லியாக இருக்கிறாய்?"

"நான் என்ன செய்கிறேன்? புற்று தேடி நடக்கிறேன், கறையான் தின்கிறேன். நீயும் வாயேன். என் நகம் தேய்ந்துவிட்டது, வெயிலில் இறுகிய புற்றை உடைக்க ஆள் வேண்டும். வழியில் அத்தி கிடைத்தால் அத்தி, இலந்தை கிடைத்தால் இலந்தை. அந்தப் பாகு மட்டும் வேண்டாம்."

"சரி, இது எப்போது முடியும்?"

"முடியாது."

"முடியாதா? முடியாத காரியத்துக்கு என்னை ஏன் கூப்பிடுகிறாய்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது கரடி.

கூத்தைப் பார்த்தீர்களா? அழுங்கு சொன்னது, இதற்கு முடிவே இல்லை என்று. கரடி புரிந்துகொண்டது, இது நடக்காத காரியம் என்று. அழுங்கும் கூப்பிட்டு விளக்கவில்லை. அதற்கு நல்ல பசி.

நரிக்குக் காட்டில் சூரணம் என்று பெயர். தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே சூரணத்தைக் கொடுக்கும் வைத்தியர் அது.

"நரியண்ணா, இளைக்கப் பத்தியம் சொல்லு. எப்போது முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லு."

"பௌர்ணமியோடு முடிந்தது" என்றது நரி, கண்ணைக் கூட இமைக்காமல். "வல்லாரை இலை, தண்ணீர், என் சூரணம். வேறு எதுவும் நாக்கில் படக் கூடாது. தேனைப் பார்த்தால் உனக்குக் கை துறுதுறுக்கும். அதனால் உன் தேனடைகளை என் குகையில் வைத்து நானே காவல் காக்கிறேன். உனக்காக இந்தச் சிரமத்தையும் படுகிறேன், போ."

"ஆகா, இதுவல்லவா வைத்தியம்" என்று கரடி குதித்தது.

பத்தியம் தொடங்கியது. அப்பப்பா, அந்தக் கரடி பட்ட பாடு! வயிறு கத்தியது, தலை சுற்றியது, எதிரே வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தது. ஆனால் மளமளவென்று இளைத்தது. தோல், பெரியவர் சட்டையைச் சின்னவர் போட்டது போல் தொளதொளவென்று தொங்கியது.

பௌர்ணமியன்று மரத்தில் கால் வைத்தது. சத்தமே இல்லை. குரங்குகள் குதியோ குதி என்று குதித்தன.

"பத்தியம் முடிந்தது, முறித்துக்கொள்ளலாம்" என்று நரி சொன்னதுதான் தாமதம், கரடி வெல்லக் கொட்டகைக்குப் பறந்தது. ஒரு கொப்பரை, அடுத்த கொப்பரை. மறுநாளும் போனது. அதற்கு மறுநாளும் போனது. 'இத்தனை நாள் வாயைக் கட்டினேனே, இதுகூடக் கூடாதா?' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. போன சதையெல்லாம் திரும்பி வந்தது, கூட இன்னும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தது.

அப்போது பார்த்து இடி முழங்கியது.

கரடி ஓடி வந்து மரத்தில் கால் வைத்தது. கிறீச்சோடு நிற்கவில்லை, ஒரு பட்டையே பெயர்ந்து ஓடையில் விழுந்தது. "இறங்கு, இறங்கு" என்று அலறியது மந்தி. கரடி தலை குனிந்து ஒதுங்கி நின்றது. மானும் பன்றியும் குரங்குகளும் கீரியும் போயின. வாயோரத்துத் தேனை நக்கிக்கொண்டே நரியும் போனது. கரடி தனியாக உட்கார்ந்து ஓவென்று அழுதது.

"யார் செத்துவிட்டார்கள் என்று இந்த ஒப்பாரி?"

பார்த்தால் அழுங்கு.

"நீ போகவில்லையா அக்கா? இடி இடிக்கிறதே."

"இடித்தால் ஆயிற்றா? புற்றிலிருந்து ஈசல் கிளம்பவில்லை. ஈசல் கிளம்பாமல் என் கணக்கில் மழை கிடையாது. எழுந்து வந்து இந்தப் புற்றை உடை."

"என்னால் இளைக்க முடியாது என்று நீதானே சொன்னாய்?"

"நான் எங்கே அப்படிச் சொன்னேன்? எப்போது முடியும் என்று கேட்டாய், முடியாது என்றேன். சாப்பாடு முடிகிற விஷயமா? நாளைக்கும் பசிக்கும், அடுத்த வருடமும் பசிக்கும்."

கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டது. பிறகு எழுந்து நடந்தது.

முதல் நாளே பாகு வாசனை வந்து மூக்கை இழுத்தது. "போகிறாயா, போ. எனக்குப் புற்றை உடைத்துக் கொடுத்துவிட்டுப் போ" என்றது அழுங்கு. உடைத்து, ஊதி, உறிஞ்சித் தின்று முடிப்பதற்குள் கரடிக்கு வயிறு நிறைந்துவிட்டது. வாசனை வந்தது, வந்த வழியே போயிற்று.

வாரக்கணக்கில் இரண்டும் அன்றாடம் நடந்தன. கறையான், அத்தி, இலந்தை. கரடி யாரிடமும் எரிந்து விழவில்லை, ராத்திரி நன்றாகத் தூங்கியது. பயத்தில் பாலத்துப் பக்கமே போகாததால், உடம்பு என்ன ஆனது என்றும் அதற்குத் தெரியவில்லை.

ஒரு மாலை, புற்றின் வாய் பிளந்து ஈசல் புகை மாதிரி குபுகுபுவென்று கிளம்பியது.

"ஓடு" என்று கத்தியது அழுங்கு.

ஒரு வாய் ஈசலை அள்ளிப் போட்டுக்கொண்டு, அழுங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு, கரடி பிடித்தது ஓட்டம். மழை கொட்டியது. ஓடை பொங்கி மரத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது. கரடி மரத்தின் முன்னே நின்றுவிட்டது.

"முறிந்துவிடும் அக்கா."

"இங்கே நின்றால் மட்டும் பிழைப்போமா? ஏறு."

கால் வைத்தது. சத்தம் இல்லை. அடுத்த காலையும் வைத்தது. மின்னல் வெட்டியது, மரம் வழுக்கியது, அக்கரையிலிருந்து மந்தி "வா, தேனரசு, வா" என்று தொண்டை கிழியக் கூவியது. நடு மரம் தாண்டியது. ஒரே தாவல். கரடி மேட்டில் விழுந்து எழுந்து திரும்பிப் பார்த்தபோது, அதுவரை நின்ற இடத்தில் தண்ணீர்தான் தெரிந்தது. குரங்குகள் அதைக் கட்டிக்கொண்டு ஆடின.

நரி குழைந்துகொண்டு வந்தது. "அடேயப்பா, ஆளே மாறிவிட்டாயே. எந்த வைத்தியரிடம் பத்தியம் இருந்தாய்? என்றைக்கு முடிகிறது? முறிப்பதற்குப் பெரிய விருந்தாக வைத்துவிடலாம்."

"பத்தியமா?" கரடி நிஜமாகவே யோசித்துப் பார்த்தது. "நான் ஒன்றும் பத்தியம் இருக்கவில்லையே அண்ணா. வயிறு நிறையத்தான் தின்கிறேன். கொஞ்சம் வழி விடு, பசிக்கிறது. இந்தக் கரையில் புற்று எந்தப் பக்கம்?"

நீதி: நாள் குறித்து வாயைக் கட்டினால் அந்த நாளோடு கட்டு அவிழ்ந்துவிடும், என்றைக்கும் உண்ணக் கூடியதை உண்டு வந்தால்தான் இளைத்த உடம்பு நிலைக்கும்.