கொழுத்த மாட்டுத் தோல்

மழை பொய்த்த வருஷத்தில் ஜமீன்தார் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். அரண்மனை வாசலில் முரசுக்காரன் சங்கிலி முரசு அடித்தான்.

"என்னடா, எழவு வீட்டுச் சத்தம்? நாளைக்கு முகூர்த்தத்தில மங்கலமா கேக்கலன்னா உன் கையை எடுத்துருவேன்" என்றார் ஜமீன்தார்.

"தோல் சரியில்லைங்க சாமி. பட்டினியில செத்த மாட்டுத் தோல்ல நாதம் எழும்பாது. தின்னு கொழுத்த மாட்டுத் தோல் வேணும்."

"என் சீமையில எந்த மாட்டை வேணும்னாலும் பிடிச்சுக்கோ" என்று காரியஸ்தரையும் கூட அனுப்பினார்.

இருவரும் ஊர் ஊராக அலைந்தார்கள். எல்லாத் தொழுவத்திலும் எலும்புதான் நின்றது. சாயங்காலம் திரும்பிய சங்கிலி, மாப்பிள்ளை வீட்டார் பார்த்திருக்க, அரண்மனைக் காளையின் கயிற்றை அவிழ்த்தான்.

"டேய், அது என் காளை."

"உங்க சீமையில விலா தெரியாத மாடு இது ஒண்ணுதான் சாமி. காரியஸ்தரைக் கேளுங்க."

காரியஸ்தர் ஆமென்று தலையசைத்தார்.

"ஊர் செழிப்பா இருக்குன்னீங்களே?" என்றார் சம்பந்தி.

"என் களஞ்சியம் நிறைஞ்சுதான் இருக்கு" என்று ஜமீன்தார் அவசரமாகச் சொன்னார்.

"அப்போ ஊருக்கு அளந்து கொடுங்க. அப்புறம் தாலி கட்டலாம்" என்றார் சம்பந்தி.

களஞ்சியம் அன்றே திறந்தது. சங்கிலியும் நெல் வாங்க நின்றான். அவன் தெருவிலிருந்து வந்தவர்கள் சிலர்தான். மற்ற வீடுகளில் உலை வைக்க ஆள் மிஞ்சவில்லை.