ஈரமே இல்லாத இடம்

மூடிக்கிடந்த அரிசி மில்லுக்கு மாசிலாமணிதான் காவல். அவனுக்குப் பேச்சுத்துணை ஒரு பழைய மோட்டார். பேரிங் இறுகிவிடக் கூடாதே என்று வெள்ளிக்கிழமைதோறும் அதைக் கையால் சுற்றிவிடுவான், ஊர்க்கதை சொல்லிக்கொண்டே.

ஒருநாள் முதலாளி சாம்பசிவம் காரில் வந்து இறங்கினார், மோட்டாரை விலைபேச வந்தவரோடு. "சுவிட்சைப் போடுடா!"

"மோட்டார் காயிலுக்குள்ள ஈரம் ஏறியிருக்கு முதலாளி. பக்கத்துல பல்பு எரியவிட்டுக் காயவைக்கணும். இப்பப் போட்டா கருகிடும்."

"ஈரமே இல்லாத இடத்துல வையின்னு சொன்னேனா இல்லையா?" வந்தவர் முன்னால் முதலாளி எகிறினார்.

"கூரை ஒழுகுதுன்னு சொன்னேன், நீங்க ஓடு மாத்தல. எம் பொண்டாட்டி செத்த அன்னிக்கு லீவு கேட்டேன், 'மில்லை யாரு பாக்குறது'ன்னீங்க. அப்பத்தான் ஈரமே இல்லாத இடம் எதுன்னு தெரிஞ்சுது. ஆனா முதலாளி, உங்க நெஞ்சுக்குள்ள இவ்வளவு பெரிய மோட்டார் கொள்ளாதே!"

வந்தவர் குபீரென்று சிரித்துவிட்டார். "காயட்டும், காயட்டும். நான் அடுத்த வாரம் வரேன்."

அடுத்த வாரம் அவர் வந்தபோது, நன்றாகக் காய்ந்திருந்த மோட்டார் சுவிட்சைப் போட்டதும் கும்மென்று ஓடியது. அன்றைக்கே லாரியில் ஏறிப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. மாசிலாமணி மோட்டார் இருந்த வெறும் மேடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். மோட்டாரைக் காயவைத்த பல்பு அங்கேயே எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க அவனுக்கு மனசு வரவில்லை.