உதடு சொன்ன சாட்சி

தென்காசியில் ஒரு பல் மருத்துவமனை இருந்தது. அங்கே ஒரு நாள் காலை, எஃகுத் தட்டில் நீள ஊசி, குட்டை ஊசி, மெல்லூசி ஆகிய மூன்றும் அருகருகே கிடந்தன.

எதிரே சாய்விருக்கையில் தலைமைக் காவலர் ஆவுடையப்பன் படுத்திருந்தார். அவருடைய கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று உள்ளே அழன்று கன்னத்தை வீங்க வைத்திருந்தது. வேர் சிகிச்சை செய்தால் பல் பிழைக்கும். ஆனால் சென்ற வாரம் வேறோர் இடத்தில், துளைப்பான் பல்லைத் தொட்ட கணமே வலி பொறுக்காமல் எழுந்து ஓடிவிட்டார். இன்றும் ஓடினால் இனி எந்தப் பல் மருத்துவரின் படியையும் மிதிக்க மாட்டார் என்பது அவர் மனைவி கோமதிக்குத் தெரியும். சீழ் யாருக்காகவும் காத்திருக்காது என்பது டாக்டர் நப்பின்னைக்குத் தெரியும்.

“ஊரையே அதட்டுறீங்க. ஊசியைப் பார்த்ததும் உள்ளங்கை இப்படி வேர்க்குதே!” என்றாள் கோமதி.

“ஏசி சரியில்ல,” என்றார் அவர்.

அவர் மார்பின்மேல் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் அச்சம்; மற்றவர் வீறாப்பு. பிறர் கண்ணுக்குத் தெரியாத இவ்விருவரும் அதுவரை எதிலும் ஒத்துப்போனதில்லை.

தட்டில் வாக்குவாதம் மூண்டது.

“என்னை அனுப்பினால் போதும்,” என்றது குட்டை ஊசி. “வேரின் அருகே ஈறில் மருந்தை விட்டுத் திரும்பிவிடுவேன். போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.”

நீள ஊசி நகைத்தது. “அதெல்லாம் மேல்தாடையில் நடக்கும். அங்கே எலும்பு பொரியைப் போன்றது, மருந்து ஊறிவிடும். கீழ்க் கடைவாயில் அது கருங்கல். நீ வாசலிலேயே நின்று கூவிக்கொண்டிருப்பாய். நானோ, நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்திற்கே சென்று வழியை மறிப்பேன். பல், உதடு, பாதி நாக்கு எல்லாம் உறங்கிவிடும்.”

பிறகு அது மெல்லூசியின் பக்கம் திரும்பியது. “உமக்கு என்ன தொழில், அண்ணாச்சி?”

“பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள இடுக்கில் அழுத்திச் சில துளிகள் விடுவேன். அந்த ஒரு பல் மட்டும் உறங்கும். அதுவும் சிறிது நேரந்தான்.”

“சில துளி! ஒரு பல்! சிறிது நேரம்! கடையைச் சாத்திவிட்டுப் போங்கள்!”



டாக்டர் நீள ஊசியையே எடுத்தார். ஈறில் களிம்பைத் தடவி, வாயின் பின்புறம் மெதுவாக மருந்தைச் செலுத்தினார். சற்று நேரத்தில் உதடு தடித்தது.

“நான் உறங்கிவிட்டேன்!” என்று உதடு அறிவித்தது. “எங்கள் பகுதி முழுவதும் உறங்கிவிட்டது!”

“நான் உறங்கவில்லை,” என்றது கடைவாய்ப்பல். “அழன்று கிடக்கும் எனக்கு அந்த மருந்து போதவில்லை.” ஆனால் அதற்கென்று வாய் இல்லை. ஆவுடையப்பன் வாய் திறந்தால்தான் அதன் குரல் வெளியே வரும். அந்த வாயை இருவர் காவல் காத்தனர்.

“மரத்திருச்சா, ஏட்டையா?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்லை என்று சொன்னால் இன்னோர் ஊசி வரும்,” என்று அச்சம் கிசுகிசுத்தது.

“மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறாள்,” என்று வீறாப்பு உறுமியது.

முதன்முறையாக இருவரும் ஒரே விடையைச் சொன்னார்கள்.

“மரத்துப்போச்சு, டாக்டரம்மா. உதடு கல்லு மாதிரி இருக்கு.”

“பார்த்தீர்களா!” என்றது நீள ஊசி.

துளைப்பான் ஒருமுறை உறுமிப் பார்த்து அடங்கியது. அவ்வொலியில் பல் நடுங்கியது. பல் உண்மையில் மரத்ததா என்று சோதிக்க, டாக்டர் குளிரூட்டிய பஞ்சுத் துணுக்கை எடுத்துப் பல்லின்மேல் வைத்தார். பனிமலை ஒன்று தன்மேல் சரிந்ததைப்போல் பல் அலறியது.

“குளிருதா?”

“இல்ல,” என்றார் ஆவுடையப்பன், கூரையைப் பார்த்தபடி.

டாக்டர் துளைப்பானை எடுத்தார். அது வாயை நெருங்கியது. அச்சம் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராமல் காத்துக்கொண்டிருந்தது. ஆனால் கால்களைக் காக்க அது மறந்துவிட்டது.

“டாக்டர், நிறுத்துங்க!” என்றாள் கோமதி. “கால் விரலைப் பாருங்க. பஞ்சு வச்சதுல இருந்து சுருட்டிக்கிட்டே கிடக்காரு!”

துளைப்பான் தட்டுக்குத் திரும்பியது. டாக்டர் தம் நாற்காலியை அவர் முகத்தருகே நகர்த்தினார்.

“ஏட்டையா, திருட்டு நடந்த வீட்டை விட்டுட்டுப் பக்கத்து வீட்ல மட்டும் விசாரிச்சு நீங்க கேஸை முடிப்பீங்களா?”

“அதெப்படி முடிக்க முடியும்?”

“உதடு மரத்ததுன்னா அது உதட்டோட சாட்சி. எனக்கு வேண்டியது பல்லோட சாட்சி. அதை நீங்க சொன்னாத்தான் உண்டு.”

கோமதி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பார்க்க ஆளில்லாததால் வீறாப்பு மெல்ல இறங்கிச் சென்றது. தனித்துவிட்ட அச்சத்திற்குப் பொய் கனத்தது.

“குளிருச்சும்மா,” என்றார் ஆவுடையப்பன். “பல்லு வேர் வரைக்கும் குளிருச்சு. போன வாரம் மாதிரியே ஆயிருமோன்னு பயமா இருக்கு.”

“இதைச் சொல்ல வெக்கமென்ன? வீங்குன பல்லு லேசுல அடங்காது. அதுக்கு வேற வழி இருக்கு.”

டாக்டரின் கை மெல்லூசியை எடுத்தது.

“அப்படியானால் நான் தோற்றேனா?” என்று நீள ஊசி கேட்டது.

“நீ ஈறை உறங்க வைத்திராவிட்டால் என் அழுத்தத்தை அவர் தாங்கியிருக்க மாட்டார்,” என்று கூறிவிட்டு மெல்லூசி புறப்பட்டது. இடுக்கில் அழுத்தம் தெரிந்தது. ஆவுடையப்பன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். சில துளிகள் இறங்கின.

மறுபடியும் பஞ்சு வந்தது.

“இப்போ?”

எல்லாம் காத்திருந்தன. துளைப்பான்கூட மூச்சை அடக்கிக்கொண்டது.

“கொஞ்சம்,” என்றார் அவர். “முன்ன மாதிரி இல்ல. ஆனா கொஞ்சம் இருக்கு.”

“நல்லது,” என்று கூறி டாக்டர் இன்னுஞ் சில துளிகள் விட்டார். மீண்டும் பஞ்சு வைத்தபோது பல் எதுவும் பேசவில்லை. ஆவுடையப்பனும் ஒன்றுமில்லையென்று தலையசைத்தார். துளைப்பான் தன் வேலையைத் தொடங்கியது.

சிகிச்சை முடியும்வரை அச்சம் அவர் மார்பைவிட்டு இறங்கவேயில்லை. ஆனால் டாக்டர் இடையிடையே கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அதுதான் உண்மையைச் சொன்னது.