குகை கொள்ளாத பலாப்பழம்

காட்டின் நடுவில் ஒரு பாறை மலை. அதன் உச்சியில் ஒரு குரங்குக் கூட்டம் வாழ்ந்தது. கோடை வந்துவிட்டால் உச்சியில் தின்ன ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் குரங்குகள் கீழே இறங்கிவிடக் கூடாது. ஏனென்றால் அந்த மலைக்கே அவைதான் காவல். சிறுத்தையின் வால் நுனி தெரிந்தாலும் போதும், "கெக்! கெக்! கெக்!" என்று கத்திவிடும். அந்தச் சத்தம் பள்ளத்தாக்கு வரைக்கும் கேட்கும். எல்லா விலங்குகளும் ஓடி ஒளிந்துகொள்ளும்.

அதனால் காவலுக்கு இருக்கும் குரங்குகளுக்கு மற்ற விலங்குகள் தினமும் பலாப்பழம் அனுப்பின. பள்ளத்தாக்கில் பெரியநாயகி என்ற யானை பழத்தைப் பறித்துப் போடும். மண்கிண்டி என்ற காட்டுப்பன்றி அதை மூக்கால் முட்டி முட்டிப் பாதி மலை வரை உருட்டி வரும். அங்கே ஒரு குகை இருந்தது. அந்தக் குகைக்குப் பொறுப்பு கூர்மூக்கன் என்ற நரி. அங்கிருந்து உச்சிக்குச் சுமப்பது சடையன் என்ற கரடி.

ஒரு நாளைக்குப் பத்துப் பழம். குரங்குகளின் வயிறும் நிறையும், குகை மூலையில் அவசரத்துக்குச் சில பழங்களும் கிடக்கும்.

இதெல்லாம் தன்னால்தான் நடக்கிறது என்று கூர்மூக்கனுக்கு எண்ணம். "சுமக்கிறதுக்கு உடம்பு போதும். இருப்பைப் பார்த்துக்கிறதுக்கு மூளை வேணும்!" என்று குகை வாசலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொல்லும்.

ஒருநாள் காலையில் சடையன் வேர்க்க விறுவிறுக்க இறங்கி வந்தது.

"நரியண்ணே, இன்னைக்குப் பதினாறு பழம் வேணும்!"

"பதினாறா? என்னப்பா திடீர்னு?"

"எனக்கென்ன தெரியும்? மேலே கேட்டாங்க, தூக்கிட்டுப் போறேன்."

மூலையில் கிடந்த பழங்கள் உட்பட எல்லாவற்றையும் கரடி அள்ளிக்கொண்டு போனது. குகை காலி! கூர்மூக்கன் வெறும் தரையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"சரிதான்! குரங்குக் கூட்டம் பெருகிப் போச்சு. இன்னைக்குப் பதினாறு, நாளைக்கு இருபது கேட்பாங்க. மறுநாள்? என் குகை காலின்னு ஊர் சிரிக்குமே!"

நரி ஒரே ஓட்டமாய் ஓடிப் பாதி வழியில் பன்றியைப் பிடித்தது.

"மண்கிண்டியக்கா! இனிமே தினமும் முப்பது பழம் கொண்டு வா!"

"முப்பதா!" பன்றி மூக்கை ஆட்டியது. "மலையில என்ன நடக்குது?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது. கொண்டு வான்னா கொண்டு வா!"

பன்றி உறுமிக்கொண்டே பள்ளத்தாக்குக்குத் திரும்பிப் போனது.

மறுநாள் ஒரு பழம்கூட வரவில்லை. அத்தனை பழத்தைப் பறிக்கவும் உருட்டவும் நேரம் ஆகும் அல்லவா? ஆனால் அது கூர்மூக்கனுக்குத் தோன்றவில்லை. குகை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தது. "முப்பது கேட்டும் வரலையே! நம்ம பேச்சைப் பன்றி மதிக்கலை போலிருக்கு. இன்னும் பலமாக் கேட்கணும்!" என்று மறுபடியும் ஓடியது. பன்றியைக் காணோம். பள்ளத்தாக்கைப் பார்த்து நின்று, "இன்னும்! இன்னும்!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தது.

அதற்கடுத்த நாள் காலையில் பழம் வந்தது.

வந்தது என்றால் எப்படி! மண்கிண்டி தன் குட்டிகள், மைத்துனிமார், பெரியப்பன் பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு உருட்டி வந்தது. குகையின் மூலை நிறைந்தது. தரை நிறைந்தது. கூரையைத் தொட்டது. ஆனாலும் உருண்டு வருவது நிற்கவில்லை.

"போதும்! போதும்!"

"நீதானே இன்னும் இன்னும்னு கத்தினே! இதோ, இன்னும்!"

சாயங்காலம் சடையன் வந்தது. மலைபோல் குவிந்த பழத்தைப் பார்த்து வாயைப் பிளந்தது.

"சடையா, வா வா! எத்தனை வேணும்? நாற்பது? ஐம்பது?"

"எட்டு போதும் அண்ணே."

"எட்டா!"

"மேலே கொஞ்சம் வயித்து வலியாம். எட்டே அதிகம்னு சொன்னாங்க."

அன்றிலிருந்து கூர்மூக்கனுக்குப் படுக்க இடமில்லை. குகைக்குள் நுழைந்தால் முள் குத்தியது. வெளியே படுத்தால் மழை தூறியது. போதாததற்குப் பழங்கள் பழுத்து, வெடித்து, ஒழுகத் தொடங்கின. ஈக்கள் வந்தன. குளவிகள் வந்தன. அந்த நாற்றத்தில் நரிக்கு மூக்கு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போயிற்று.

கோபம் தலைக்கேறியது. அடுத்த சுமையோடு வந்த பன்றியின் மேல் பாய்ந்தது.

"நிறுத்து! இனி ஒரு பழம் வரக் கூடாது! ஒரு சுளைகூட வரக் கூடாது! யானைகிட்டயும் சொல்லிடு!"

"அப்படியே சொல்லவா?"

"அப்படியே சொல்லு!"

பன்றி அப்படியே போய்ச் சொன்னது. பெரியநாயகிக்கு முகம் சுருங்கிவிட்டது. கேட்டதற்கெல்லாம் பறித்துக் கொடுத்தது அது. ஒரு நன்றி கிடையாது, இப்படியொரு சொல்லா? தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

குவியலில் நல்ல பழத்தைப் பொறுக்கிச் சில நாள் ஓட்டினார்கள். பிறகு நல்ல பழம் தீர்ந்தது. குகை நிறையப் பழம், தின்பதற்கு ஒன்றுமில்லை! சடையன் வெறுங்கையோடு ஏறியது. வெறுங்கையோடு இறங்கியது. மூன்றாம் முறை ஏறவே இல்லை.

ஒருநாள் பிற்பகல், கூர்மூக்கன் அழுகிய பழங்களைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தது. மேலே இருந்து சத்தம் ஒன்றும் இல்லை. காற்றில் பலாவின் நாற்றம் தவிர வேறு வாடை இல்லை. புதரில் ஏதோ அசைந்தது. நரி திரும்பிப் பார்த்தது.

பத்தடி தூரத்தில் சிறுத்தை!

நரி ஓடத் திரும்புவதற்குள் சிறுத்தை பாய்ந்தது. பாய்ந்த பாய்ச்சல் சரிதான், ஆனால் இறங்கிய இடம் அழுகிய பலாச்சுளை. முன்னங்கால் ஒரு பக்கம் போனது, பின்னங்கால் இன்னொரு பக்கம் போனது. சிறுத்தை வழுக்கி, புரண்டு, நாலைந்து பழத்தையும் கூட்டிக்கொண்டு சரிவில் உருண்டு போய் முட்புதரில் விழுந்தது. உடம்பெல்லாம் பலாப்பால்! ஒட்டிய கண்ணைத் திறக்க முடியாமல் உறுமியது.

கூர்மூக்கன் அதைப் பார்த்துச் சிரிக்க நிற்கவில்லை. உச்சியை நோக்கி ஓடியது. "ஏன் கத்தலை? ஏன் யாரும் கத்தலை?" என்று மூச்சிரைக்கப் புலம்பிக்கொண்டே ஏறியது.

உச்சிப் பாறையில் ஒரு குரங்கும் இல்லை.

அந்தப் பக்கத்துச் சரிவில், ஓர் அத்திமரத்தில் கூட்டம் முழுவதும் இலையை மென்றுகொண்டிருந்தது. கூட்டத்தின் தலைவி வெடுக்கி என்ற மந்தி. அதன் குட்டி மடியில் சுருண்டு கிடந்தது. விலா எலும்பு தெரிந்தது.

"காவலை விட்டுட்டு இங்கே என்ன செய்றீங்க?" என்று நரி சீறியது. "என் உயிர் போயிருக்கும்!"

"குட்டிங்க உயிர் போயிடும் போல இருந்தது. இறங்கிட்டோம்" என்றது வெடுக்கி. "பசியோட எத்தனை நாள் கத்துறது?"

நரியால் அந்தக் குட்டியைப் பார்க்க முடியவில்லை. மெதுவாகக் கேட்டது: "உங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனைதான் வேணும்?"

"பத்து. என்னைக்கும் பத்துதான்."

"பொய்! நடுவில ஒருநாள் அதிகமாக் கேட்டீங்களே!"

"அதுவா? என் தம்பிக்குக் கல்யாணம். பக்கத்து மலையிலிருந்து விருந்தாளிங்க வந்தாங்க. ஒரே ஒரு நாள். நாலு பழம் கூடக் கேட்டேன்."

"நாலா? சடையன் என்கிட்டே ஆறு கூடக் கேட்டானே!"

நரி அங்கேயே நிற்கவில்லை. கரடியையும் பன்றியையும் தேடிப் பிடித்தது. வெடுக்கியையும் கூட்டிக்கொண்டு, எல்லாருமாக மலைக்கு அந்தப் பக்கம் பெரியநாயகியிடம் போனார்கள்.

"ஆமா, ரெண்டு சேர்த்துக் கேட்டேன்" என்றது சடையன். "பத்தாமப் போனா மறுபடியும் யார் ஏறி இறங்குறது? என் முட்டி எனக்குத்தான் தெரியும்."

"நீ?" என்று எல்லாரும் நரியைப் பார்த்தார்கள்.

கூர்மூக்கன் தொண்டையைச் செருமியது. "நான்... முன்யோசனையா முப்பது சொன்னேன்."

"நான் எழுபதுன்னு சொன்னேன்!" என்றது மண்கிண்டி. "வழியில பாதி ஓடையில உருண்டு போகும். போதாததுக்கு இவன் வேற இன்னும் இன்னும்னு கத்தினான். பஞ்சமே வந்துடுச்சுன்னு நினைச்சேன்."

எல்லாரும் யானையைப் பார்த்தார்கள். பெரியநாயகி காதை மெல்ல அசைத்தது.

"எழுபது வரைக்கும் எனக்கு எண்ண வராது. அதனால எல்லா மரத்தையும் உலுக்கிட்டேன்."

முதலில் சிரித்தது வெடுக்கிதான். "என் தம்பி கல்யாணத்துக்கு நாலு பழம் கேட்டேன். பள்ளத்தாக்கையே மொட்டை அடிச்சுட்டீங்களே!"

கரடியும் சிரித்தது. பன்றியும் சிரித்தது. கூர்மூக்கன் மட்டும் சிரிக்கவில்லை. அது யானையின் முன் போய்த் தலை குனிந்து நின்றது.

"ஆத்தா, மேலே ஒரு தடவை ஏறிப் போய்க் கேட்டிருந்தா ஒரு பேச்சில முடிஞ்சிருக்கும். குகை காலியானதைப் பார்த்து நானே பயந்து, உங்க எல்லாரையும் பயமுறுத்திட்டேன். மன்னிச்சுக்கோ."

பெரியநாயகி பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சில் நரியின் காது மடங்கி நிமிர்ந்தது. "சரி, வா. இந்தப் பக்கத்து மரத்துல கொஞ்சம் இருக்கு. ஆனா வழி தூரம். இந்தக் கோடைக்கு எல்லாரும் கஷ்டப்பட்டுத்தான் ஆகணும்."

அப்படியே ஆயிற்று. மண்கிண்டிக்கு மூக்குத் தேய்ந்தது. சடையனுக்கு முட்டி வீங்கியது. ஆனால் குரங்குகள் உச்சிக்குத் திரும்பின.

அதன் பிறகு அவர்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். தினமும் பொழுது சாயும்போது வெடுக்கி பாறைமேல் ஏறி நின்று, "இன்னைக்குத் தின்னது பத்து! நாளைக்கும் பத்து!" என்று தானே கத்தும். கரடிக்கும் கேட்கும், நரிக்கும் கேட்கும், பன்றிக்கும் யானைக்கும் அதே சத்தம் கேட்கும். யாரும் யாரிடமும் கூட்டிச் சொல்ல வேண்டிய வேலை இல்லை.

ஒருநாள் வானம் கருத்தது. "மழை பிடிச்சுக்கிட்டா? பாதை வழுக்கினா? ஒரு இருபது சேர்த்துச் சொல்லி வைக்கலாமா?" என்று கூர்மூக்கனுக்கு வாய் துறுதுறுத்தது. எழுந்தது, உட்கார்ந்தது, மறுபடியும் எழுந்தது. கடைசியில் பன்றி இருந்த திசையை விட்டுவிட்டு உச்சியை நோக்கி நடந்தது. "வெடுக்கி! நாளைக்கு உங்களுக்கு நிஜமா எத்தனை வேணும்?" என்று கேட்டுவிட்டு, நனைந்துகொண்டே இறங்கி வந்து நிம்மதியாகத் தூங்கியது.

பக்கத்தில் நிற்பவரின் பதற்றத்தைக் கேட்டுச் சேர்த்தால் பண்டம் அழுகும். கடைசியில் உண்பவரின் பசியைக் கேட்டு அனுப்பினால் எல்லார் வயிறும் நிறையும்.