ஆவுடையப்பனின் ஒன்பது சட்டங்கள்

ஆவுடையப்பன் முப்பத்து நான்கு வருடம் ரயில்வே கேட் ஒன்றில் காவலாக இருந்தவர். ஓய்வு பெற்ற மறு வருடம் மனைவி இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. தாமிரபரணி வாய்க்கால் ஓரமாக இருந்த ஒரு சிறிய ஆசிரமத்துக்கு வந்து, தவமணி அம்மாவிடம், "இங்கேயே இருந்துக்கிடலாமா?" என்று கேட்டார்.

தவமணி அம்மாவுக்கு அவரைவிடப் பதினேழு வயது குறைவு. ஆனாலும் அவர் தன்னை அம்மாவின் சீடன் என்றுதான் சொல்லிக்கொண்டார். அம்மா அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டார்.

ஆசிரமத்தில் ஒரு பாலர் வகுப்பு இருந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து இருபத்தொரு பிள்ளைகள் வந்தார்கள். எல்லாம் நான்கு, ஐந்து வயது. டீச்சர் பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்குப் போனபோது, அம்மா ஆவுடையப்பனைக் கூப்பிட்டார்.

"மூணு மாசம் நீங்க பாத்துக்கோங்க, அண்ணாச்சி."

"எனக்குக் கேட்டைத் திறக்கவும் மூடவும்தாம்மா தெரியும்."

"பாத்துக்கோங்க."

முதல் நாள் வகுப்பு சந்தைபோல இருந்தது. ஒரு பிள்ளை சிலேட்டைக் கடித்தது. ஒரு பிள்ளை ஜன்னல் கம்பியில் ஏறி நின்றது. ஆவுடையப்பன் அன்றைக்கே ஒரு நோட்டு எடுத்து ஒன்பது சட்டங்கள் எழுதினார். கை கட்டி உட்கார வேண்டும். கேட்காமல் எழுந்திருக்கக் கூடாது. கேட்காமல் பேசக் கூடாது. கேட்காமல் தண்ணீர் குடிக்கக் கூடாது. இப்படியே ஒன்பது. தினமும் காலையில் பிள்ளைகள் அவற்றை ஒப்பித்தார்கள். மீறினால் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். அவர் யாரையும் அடித்ததில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. வெறுமனே பார்ப்பார். அது போதுமாக இருந்தது.

இரண்டு வாரத்தில் வகுப்பு அடங்கிவிட்டது. நம்பி என்ற பையனின் தாய் ஒருநாள் வாசலில் நின்று சிரித்தாள்.

"வீட்லயும் அப்படித்தான் இருக்கான், அண்ணாச்சி. நேத்துச் சோத்தைப் போட்டு வச்சா, தொடாம உக்காந்திருக்கான். என்னலேன்னு கேட்டா, சாப்பிடலாமான்னு கேக்கான்!"

ஆவுடையப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவிடம் போய்ச் சொன்னார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பசிச்சுச்சாமா அவனுக்கு?" என்று கேட்டார்.

"அதை நான் கேக்கலையே."

அம்மா அடுத்த கட்டுக் கீரையை எடுத்துக்கொண்டார்.

கார் நெல் சாகுபடிக்கு அணை திறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. அன்றைக்குக் காலை அரிசி லாரி வந்தது. மூட்டை இறக்க ஆள் போதவில்லை என்று ஆவுடையப்பனைக் கூப்பிட்டார்கள்.

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். "நான் வந்து சொல்லுற வரைக்கும் ஒருத்தரும் பேசக் கூடாது. எந்திரிக்கக் கூடாது. சரியா?"

"சரிங்கய்யா," என்றன இருபத்தொரு குரல்கள்.

பத்து மூட்டை இறங்கியிருக்கும். அடுக்களைப் பக்கமிருந்து செண்பகத்தின் சத்தம் கேட்டது. செண்பகம்தான் ஆசிரமத்தில் சமையல். அவளுடைய மகள் கோமுவுக்கு இரண்டரை வயது. அடுக்களை வாசலில் கரண்டி வைத்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைக் காணவில்லை.

மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள். மாட்டுத் தொழுவம், விறகுப் பரண், லாரிக்கு அடியில் எல்லாம் தேடினார்கள். கிணற்றை எட்டிப் பார்க்கச் செண்பகத்தால் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "பாத்துச் சொல்லுங்க, பாத்துச் சொல்லுங்க," என்று நின்றாள். கிணற்றில் இல்லை. ஆவுடையப்பன் ரோட்டோடு பஸ் நிறுத்தம் வரை ஓடிப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். யாரும் பார்க்கவில்லை.

கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்போதுதான் அம்மாவுக்கு வகுப்பு ஞாபகம் வந்தது. அந்த அறைக்கு இரண்டு கதவுகள். முன்கதவு அடுக்களையைப் பார்த்தது. பின்கதவு வாழைத் தோட்டத்துக்குத் திறந்தது. அதைத் தாண்டினால் வாய்க்கால்.

அம்மா உள்ளே போனார். இருபத்தொரு பிள்ளைகளும் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே அத்தனை கூச்சல் நடந்தும் ஒருவரும் அசையவில்லை.

அம்மா தரையில் உட்கார்ந்தார். "செல்லங்களா, கோமு பாப்பா இங்க வந்தாளா?"

பதில் இல்லை. முன்வரிசையில் இசக்கி என்ற சிறுமி அழுதுகொண்டிருந்தாள். சத்தம் இல்லாமல் கண்ணீர் மட்டும் வடிந்தது. எல்லோருடைய கண்களும் அம்மாவைத் தாண்டி வாசலைப் பார்த்தன.

அம்மா எழுந்து வெளியே ஓடினார். "அண்ணாச்சி! இங்க வாங்க. சீக்கிரம் வாங்க. பிள்ளைகளைப் பேசச் சொல்லுங்க."

ஆவுடையப்பன் மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றார். அவருக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"பேசலாம்," என்றார். "பேசலாம்யா. கோமு எங்க?"

இருபத்தொரு கைகள் பின்கதவைக் காட்டின.

அவர் எப்படி வாழைத் தோட்டத்தைக் கடந்தார் என்பது அவருக்கே தெரியாது. கோமு படித்துறையில் இருந்தாள். தண்ணீருக்குள் இரண்டாவது படியில் நின்றிருந்தாள். வெள்ளம் அவள் நெஞ்சில் மோதிக்கொண்டு ஓடியது. குளிக்க வருபவர்கள் பிடித்துக்கொள்வதற்காகப் போட்ட சங்கிலி ஒன்று அங்கே இருந்தது. அதை இரண்டு கைகளாலும் பற்றியிருந்தாள். உதடு கறுத்திருந்தது. அழக்கூட இல்லை.

ஆவுடையப்பன் வேட்டியோடு இறங்கி அவளைத் தூக்கினார். அந்தச் சின்ன விரல்களைச் சங்கிலியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

செண்பகம் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அவரைத் திட்டவில்லை. ஈரத்தோடு பிள்ளையை மார்பில் இறுக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆவுடையப்பன் துணிப்பையோடு வந்து நின்றார்.

"நான் போறேம்மா."

"எங்க?"

"தெரியல."

"இன்னைக்கு வகுப்பு யாரு எடுப்பா?"

"நான் இனிமே அந்தப் பிள்ளைங்க முகத்துல முழிக்க முடியாதும்மா. நோட்டைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன்."

"பிள்ளைங்க வந்தாச்சு, அண்ணாச்சி," என்றார் அம்மா. "உங்களுக்காகத்தான் உக்காந்திருக்காங்க."

அவர் பையைத் தூணோரம் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். பிள்ளைகள் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னையில இருந்து சட்டம் ஒண்ணும் கிடையாது. எல்லாரும் இஷ்டம்போல இருங்க," என்றார்.

யாரும் அசையவில்லை. அவர் மறுபடி சொன்னார். நம்பி மெதுவாக எழுந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு அடி வைத்தான். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அறையே எழுந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் ஒரு பிள்ளைக்கு நெற்றி வீங்கியிருந்தது. ஒருவன் இன்னொருவனின் தோளைக் கடித்து வைத்திருந்தான். குடிதண்ணீர்ப் பானை உடைந்து கிடந்தது. இசக்கி மேசைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் குனிந்து பார்த்தபோது கேட்டாள்.

"ஐயா, எங்க மேல கோவமா?"

பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் அவர் அம்மாவிடம் வந்தார். வேட்டியெல்லாம் பானைத் தண்ணீர்.

"சட்டம் போட்டா கல்லா உக்காந்திருக்குதுங்க. எடுத்துட்டா ஒண்ணையொண்ணு கடிச்சுக்கிடுதுங்க. நான் என்னம்மா செய்ய?"

அம்மா அவருக்கு மோர் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"கேட்டுல வேலைக்குச் சேந்தப்போ விதிப் புத்தகம் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"படிச்சீங்களா?"

"தலைகீழாச் சொல்லுவேன்."

"அதுல எழுதியிருக்குன்னுதான் முப்பத்து நாலு வருசம் தவறாம மூடினீங்களா?"

ஆவுடையப்பன் உடனே ஆமாம் என்று சொல்ல வந்தார். சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்லம்மா," என்றார். "சேந்த மொத வாரம். பழைய கேட்மேன் ஒருத்தர் இருந்தார். மெயில் வர்ற நேரம் பாத்து என்னைக் கூட்டிட்டுப் போய், தண்டவாளத்துக்குப் பக்கத்துல நிறுத்தினார். பின்னால இருந்து என் இடுப்பை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். வண்டி போச்சு. தரை ஆடிச்சு. காத்து என்னைப் பிடிச்சு உலுக்கிடுச்சு. அவர் மட்டும் பிடிக்கலைன்னா நான் விழுந்திருப்பேன். வண்டி போனதும் கையை எடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டார். ஒரு வார்த்தை சொல்லல. அதுக்கப்புறம் கேட்டை மூடுன்னு எனக்கு ஒருத்தரும் சொல்ல வேண்டியிருக்கல."

"பிள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போனீங்க?" என்றார் அம்மா.

ஆவுடையப்பன் எழுந்தார். துணிப்பையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

அடுத்த நாள் காலை அவர் பிள்ளைகளைப் பின்கதவு வழியாக வாய்க்காலுக்குக் கூட்டிப் போனார். கடைசியில் அம்மாவும் வந்தார். படித்துறைக்கு மேலே பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு, அவர் மட்டும் தண்ணீருக்குள் முதல் படியில் நின்றார். ஒரு கையில் சங்கிலி. இன்னொரு கையால் ஒரு நேரத்துக்கு ஒரு பிள்ளையை இடுப்போடு அணைத்துப் பிடித்தார். காலைத் தண்ணீரில் வைக்கச் சொன்னார்.

நம்பி கால் வைத்தான். கால் பக்கவாட்டில் போனது. பயந்துபோய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"யய்யா!"

"பிடிச்சிருக்கேன். விட மாட்டேன்."

மேலே ஏறியதும் நம்பி ஓடிவிடவில்லை. பின்னால் முண்டிக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு முன்னால் கையை விரித்து நின்றான். "தள்ளாதீங்கலே. உள்ள இழுக்குது."

யாரும் தள்ளவில்லை.

இசக்கி கடைசியாக வந்தாள். காலை வைத்தாள். நெடுநேரம் தண்ணீரையே பார்த்தாள்.

"கோமுவையும் இப்படித்தான் இழுத்துச்சா?"

"ஆமாம்மா."

"அவ போறத நான் பாத்தேன்," என்றாள். "எனக்குக் கிட்டக்கதான் போனா. கரண்டி என் மேல இடிச்சுச்சு."

ஆவுடையப்பன் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து ஒரு படியில் உட்கார்ந்தார். இப்போது இருவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"நீ ஒண்ணும் தப்புப் பண்ணல தாயி. பேசாதேன்னு சொன்னவன் நான். தப்பு என்னுது."

இசக்கி அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். கலங்கியிருந்த அவர் கண்களைத் தன் பாவாடை நுனியால் துடைத்துவிட்டாள்.

"இனிமே பாப்பா யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா நான் கத்துவேன்," என்றாள். "எந்திரிச்சு ஓடியாந்து கையைப் பிடிச்சுக்கிடுவேன்."

சொல்லிவிட்டு மற்றப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது பிள்ளைகள் முன்னால் பேசிக்கொண்டே நடந்தார்கள். ஆவுடையப்பன் அம்மாவுக்குப் பின்னால் வந்தார். வாழைத் தோட்டத்தின் நடுவில் நின்றார்.

"அம்மா, அந்தப் பிள்ளை கத்துவேன்னு சொன்னப்போ, 'சரி, கத்தலாம்'னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லாம விட்டுட்டேன். சொல்லியிருக்கணுமோ?"

அம்மா திரும்பிப் பார்த்தார்.

"அவ உங்ககிட்ட கேட்டாளா, அண்ணாச்சி?"