வண்டிக்குப் பின்னால் ஊதிய கரடி

அந்தக் காலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரை மிருகங்கள் எல்லாம் பேசும். பேசியதில் பாதி புறணி. அந்தப் புறணியில் அதிகம் அடிபட்டது மோசே என்ற கருங்கரடியின் பெயர். எந்த மரத்தில் தேன்கூடு காலியானாலும் "மோசே வேலைதான்" என்பார்கள். சில சமயம் அது உண்மை. பல சமயம் இல்லை. ஆனாலும் விசேஷ வீடுகளுக்கு அவனை யாரும் அழைப்பதில்லை. அவனுக்கோ கூட்டமும் பாட்டும் என்றால் உயிர். வேலிக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவான்.

ஒரு நாள் படகுத்துறையில் கரும்புப் பாகு வந்த மண்ஜாடி ஒன்று காலியாகக் கிடந்தது. உள்ளே ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான். ஒன்றுமில்லை. ஏமாற்றத்தில் ஒரு பெருமூச்சு விட்டான். "பூம்" என்றது ஜாடி.

உதட்டைச் சற்றுத் தள்ளி வைத்து, துப்புவதுபோல ஊதினால் அடிவயிற்றைத் தொடும் குரல் வந்தது. மோசே சொந்தக் குரலில் பாடினால் பன்றிகூட எழுந்து போகும். இது வேறு.

ஆற்றங்கரையில் வாத்தியம் வாங்க வசதியில்லாத ஒரு பாட்டுக் கோஷ்டி இருந்தது. துணி தேய்த்துத் துவைக்கும் வரிபோட்ட தகரப் பலகையைக் காகம் நகத்தால் சுரண்டித் தாளம் போடும். அணில் சீப்பில் காகிதம் சுற்றி ஊதும். கொக்கிடம் மட்டும் இரண்டு கம்பி அறுந்த ஒரு கிடார். மோசே அவர்களிடம் ஊதிக் காட்டினான்.

"கரடியண்ணே, இத்தனை நாள் நம்ம பாட்டுக்கு அடியில தரையே இல்லாம இருந்திருக்கு," என்றது கொக்கு. "நாளைக்கு ஆமையார் மகள் கல்யாணம். வந்துடுங்க."

"என்னை உள்ளே விடுவாங்களா?"

"வாத்தியக்காரனை யாரு தடுப்பாங்க?" என்றது காகம்.

மறுநாள் மோசே ஆற்றில் முங்கிக் குளித்து, ரோமத்தைப் படியச் சீவிக்கொண்டு போய் முன்னால் நின்றான். முதல் பாட்டு தொடங்கியது. ஜாடியைத் தூக்கி வாயருகே வைத்தான். பந்தல் முழுக்க அவனையே பார்த்தது.

"பார்த்தியா, கல்யாணப் பாகை நடுப்பந்தல்ல நின்னு குடிக்கிறான்," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அதுவும் தாளத்தோட."

ஆமையார் அவனிடம் வந்து சேர்வதற்குள் பாட்டே முடிந்துவிட்டது. "தம்பி, கிளம்பு," என்றார்.

"இது காலி ஜாடிங்க." மோசே கவிழ்த்துக் காட்டினான். ஒரு துளி விழவில்லை.

"முழுசும் குடிச்சா காலியாத்தான் இருக்கும்."

மோசே ஜாடியை இடுக்கிக்கொண்டு வேலிக்கு வெளியே, பழகிய இடத்துக்கே போய் நின்றான்.

கோஷ்டி அடுத்த பாட்டை எடுத்தது. சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஆடுகிறவர்களின் கால் எங்கே விழுவது என்று தெரியாமல் தடுமாறியது. நரி தன் மனைவியின் வாலை மிதித்து வாங்கிக் கட்டிக்கொண்டது. மணப்பெண் அன்னாள் ஆட்டத்தையே நிறுத்திவிட்டாள். ஆமைகளுக்குக் காது மந்தம். தரை அதிர்ந்தால்தான் அவர்களுக்குப் பாட்டு.

"அப்பா, என் காலுக்கடியில பாட்டு நின்னு போச்சு," என்றாள்.

ஆமையாரின் காலுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் பந்தியைக் கவனிக்கப் போனார்.

அன்னாள் தானே வேலிக்குப் போனாள். "உள்ளே வாங்கண்ணே. என் பக்கத்துலயே நில்லுங்க. யாரு என்ன சொல்றாங்கன்னு நான் பார்த்துக்கறேன்."

ஒரு விசேஷ வீட்டுக்காரி அவனை வாங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. போய் நிற்க வேண்டும் என்றுதான் இருந்தது. மோசே பந்தலைப் பார்த்தான். பந்தல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உன் பக்கத்துல நின்னா எல்லாரும் என் வாயைத்தான் பார்ப்பாங்கம்மா. நீ ஆடறதை யாரும் பார்க்க மாட்டாங்க. நான் வேலியோரம் நிக்கிற அந்தச் சோள வண்டிக்குப் பின்னாடி நின்னுக்கறேன். அங்கேயிருந்து ஊதினாலும் தரை ஒண்ணுதானே."

அப்படியே செய்தான். அவன் ஊத ஊத, கால்கள் சரியான இடத்தில் விழுந்தன. அன்னாள் விளக்கேற்றும் நேரம்வரை ஆடினாள். "இன்னிக்குப் பாட்டு என்னமோ நல்லா இருக்கு," என்றார்கள் விருந்தாளிகள். என்னமோ என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆமையார் மன்னிப்புக் கேட்கும் ரகமில்லை. வண்டிக்குப் பின்னால் ஒரு தட்டில் சோள ரொட்டி அனுப்பினார், பாகு ஊற்றாமல். மோசே ஒரு துணுக்கு விடாமல் தின்றான். கல்யாண வீட்டுச் சாப்பாடு.

பிறகு அந்தப் பாட்டை மனிதர்கள் கற்றுக்கொண்டார்கள். ஆற்றோர நகரங்களின் ஏழைகள் ஜாடியும் தகரப் பலகையுமாகத் தெருவில் நின்று தங்கள் துக்கத்தை வாசித்தார்கள். வெகு காலம் கழித்து, தூர ஊர் இளைஞர்கள் அவர்களுடைய இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு, அந்தத் தாளத்தையும் துக்கத்தையும் மின்சாரத்தில் மாட்டினார்கள். அதற்கு ராக் இசை என்று பெயர் வந்தது. ஜாடி போய், தடித்த கம்பிகளில் அடிக்குரல் எழுப்பும் பேஸ் கிடார் வந்தது. நிற்கும் இடம் மட்டும் மாறவில்லை. மோசே வண்டிக்குப் பின்னால் போன அன்று முதல்தான், அடிக்குரல் வாசிக்கிறவர் மேடையில் இரண்டடி பின்னால், வெளிச்சம் குறைந்த பக்கமாக நிற்கிறார். கூட்டம் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் சொல்லும் இடத்தில்தான் கால் வைக்கிறது.